எவ்வளவு அருகில் போகலாம்? பறவை, உப்பளம், முகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரக் கடைசிகளில் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு ஏரிக்கரைக்கும் உப்பளத்துக்கும் போய்வருவது என் வழக்கம். ஒவ்வொரு முறையும் ஆட்கள் புதியவர்கள், சந்தேகங்கள் பழையவை. திரும்பி வரும் வேனில் அதே பதிலை இன்னொரு முறை சொல்லிக்கொண்டிருந்தபோது, எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கூடியவரை கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே வைத்திருக்கிறேன். பதில்கள் என் அனுபவத்துக்கு உட்பட்டவை.

புதிதாக ஆரம்பிக்கிறேன் சார். எந்தக் கேமரா வாங்கலாம்?

கையில் இருப்பதை வைத்து ஆறு மாதம் எடுங்கள். போனாக இருந்தாலும் சரி. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவையும் மீன் சந்தையையும் எடுக்க அது போதும். பறவைக்கு மட்டும் போதாது, 400 மி.மீ. அளவிலாவது ஒரு லென்ஸ் வேண்டும். புதியது வாங்க வசதியில்லை என்றால் ஒருவர் பயன்படுத்திய லென்ஸை வாங்கலாம். வாங்கும் முன் ஒரு முனையில் டார்ச் அடித்து மறு முனை வழியாகப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலைபோல நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களின் ஈரக் காற்றில், பீரோவில் பூட்டிவைத்த லென்ஸுக்கு வருகிற வியாதி. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.

காட்டுயிர்களைப் படமெடுத்தும் அவற்றைப் பற்றி எழுதியும் வந்த ம. கிருஷ்ணன் (1912–1996) வெவ்வேறு கருவிகளின் பாகங்களைக் கோத்துத் தனக்கென்று ஒரு கேமராவை உருவாக்கிக்கொண்டவர். அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த காட்டு யானைகளைப் பார்த்தபிறகு என் கருவியைப் பற்றிப் புலம்ப எனக்கு வாய் வந்ததில்லை.

பறவை, தொழில் செய்கிற மனிதர்கள், முகம் என்று மூன்றையும் எடுக்கிறீர்களே, ஒன்றில் நிலையாக நிற்க வேண்டாமா?

எனக்கு அவை மூன்றாகத் தெரியவில்லை. எதிரில் இருக்கும் உயிர் என்னை எவ்வளவு தூரம் வரை பொறுத்துக்கொள்ளும் என்று கண்டுபிடிப்பதுதான் மூன்றிலும் வேலை. அந்தத் தூரத்தைத் தாண்டினால் மடையான் பறந்துவிடும். உப்பளத்துக்காரர் முதுகைத் திருப்பிக்கொள்வார். பாட்டி எழுந்து போக மாட்டார். ஆனால் தோள்பட்டை விறைத்துக்கொள்ளும், கண் கேமராவை விட்டு எங்கோ போய்விடும். அதுவும் ஒரு வகையில் பறந்துபோவதுதான்.

ஏரிக்கரையில் அசையாமல் உட்காரப் பழகியவருக்கு மனிதர்களோடு உட்காருவது சுலபமாக வரும். மாறாகக் கல்யாண மண்டபத்தில் மட்டும் தொழில் கற்றவர்கள் காட்டுக்கு வந்தால் விலங்குகளையும் ‘இந்தப் பக்கம் பாருங்கள்’ என்று கூப்பிடுகிறார்கள். கைதட்டிக் கொக்கைக் கிளப்புகிற பழக்கம் அங்கிருந்துதான் வருகிறது என்பது என் சந்தேகம்.

பறவைகளை எடுக்க எங்கே, எப்போது போகலாம்?

சென்னைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வேடந்தாங்கலும் பள்ளிக்கரணையும் பழவேற்காடும். தெற்கே இருப்பவர்களுக்கு நாங்குநேரிக்கு அருகே கூந்தன்குளம். கோடியக்கரைக்குப் போனால் பூநாரையோடு வெளிமானும் கிடைக்கும். வேடந்தாங்கலில் நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல பருவம். ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். விடிந்து இரண்டு மணி நேரமும் பொழுது சாய்வதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும் போதும். நடுப்பகலில் டீ குடியுங்கள்.

இந்த இடங்களில் பறவைகள் நம்மைப் பொறுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. வேடந்தாங்கல் மக்கள் 18-ஆம் நூற்றாண்டிலேயே, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டுத் தடை வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். கூந்தன்குளத்தில் வீட்டுக் கொல்லை மரத்திலேயே மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டுகிறது. தீபாவளிக்கு அந்த ஊரில் பட்டாசு வெடிப்பதில்லை. அங்கே போய் நாம் எடுக்கும் நெருக்கமான படம் அந்த ஊர்க்காரர்கள் சேர்த்துவைத்த நம்பிக்கையில் எடுப்பது. கூட்டிப்போகிறவர்களிடம் இதை வேனை விட்டு இறங்கும் முன்பே சொல்லிவிடுவேன்.

பறவைக்கு எத்தனை அடி வரைக்கும் போகலாம்? ஒரு கணக்குச் சொல்லுங்கள்.

அடிக்கணக்கு கிடையாது. கிராமத்துக் குளத்துக் கொக்கு மாடு மேய்ப்பவரின் காலடியில் நிற்கும். அதே கொக்கு கேமராவோடு நேராக வருகிறவரைப் பார்த்ததும் கிளம்பும். அதன் உடம்பைப் படியுங்கள். இரை தேடிக்கொண்டிருந்தது நின்றுவிட்டதா? கழுத்தை நீட்டி உங்களைப் பார்க்கிறதா? எச்சமிட்டுக் காலை மடக்கிக் குனிகிறதா? முதல் அடையாளத்திலேயே நில்லுங்கள். மூன்றாவது வந்துவிட்டால் அது பறக்கப்போகிறது.

நேராகப் போகாமல் சாய்வாக, வேறு வேலையாகப் போகிறவர்போலப் போங்கள். பிறகு உட்கார்ந்துவிடுங்கள். நின்றால் ஆள், உட்கார்ந்தால் புதர். காரில் இருந்தால் இறங்காதீர்கள்; இறங்கி நடக்கும் மனிதனைவிட நிற்கிற வண்டியைப் பறவைகள் அதிகம் பொறுத்துக்கொள்கின்றன. அரை மணி நேரம் போனால், நீங்கள் போக நினைத்த தூரத்தை அதுவே நடந்து வரும். வராமலும் போகலாம். என் படங்களில் நல்லவை பெரும்பாலும் அது நடந்து வந்தபோது எடுத்தவை.

வெண்கொக்கு எடுத்தால் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வருகிறது. இறகே தெரியவில்லை, ஏன்?

கேமராவின் ஒளி அளக்கும் பகுதிக்குக் கொக்கு என்றால் என்னவென்று தெரியாது. எதிரில் இருப்பதையெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். கறுத்த தண்ணீரில் சின்னதாக ஒரு கொக்கு நின்றால், ‘இருட்டாக இருக்கிறதே’ என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். தண்ணீர் சாம்பலாகும், கொக்கு சுண்ணாம்பாகும். வெளிச்சத்தை ஒன்று அல்லது ஒன்றரைப் படி குறைத்து எடுங்கள் (ஒரு படி குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). அதே கொக்கு படச் சட்டகம் முழுக்க நிறைந்திருந்தால் கதை தலைகீழ். அப்போது கூட்ட வேண்டும்.

ஷட்டர் வேகத்தையும் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்: பறக்கும் பறவைக்கு 1/2000 வினாடி, உட்கார்ந்திருப்பதற்கு 1/500. அதற்காக ஐ.எஸ்.ஓ., அதாவது கேமராவின் ஒளியுணர்வு அளவு, கூடினால் கூடட்டும். புள்ளி புள்ளியாக இருக்கும் படத்தைப் பார்க்க முடியும், அசைந்துபோன படத்தைப் பார்க்க முடியாது.

உப்பளத்தில் எடுத்தால் எல்லோர் முகமும் கரிக்கட்டை ஆகிறதே?

முந்தைய பதிலின் மறுபக்கம் இது. உப்பு முழுக்க வெள்ளை. கேமரா பயந்து வெளிச்சத்தைக் குறைக்கிறது. முகத்தை மட்டும் அளக்கும்படி வைத்து எடுங்கள். உப்பு கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும், முகம்தான் முக்கியம். ஒரு லாபமும் உண்டு. மற்ற இடங்களில் உச்சி வெயில் கண்குழியில் இருட்டை நிரப்பும். உப்பளத்தில் கீழேயிருந்து வெளிச்சம் திரும்பி அடிப்பதால் அந்த இருட்டு கரைந்துவிடும். அந்த வெளிச்சம்தான் அங்கே வேலை செய்கிறவர்களின் கண்ணைக் கெடுக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கறுத்த முகத்தைச் சரியாக எடுக்க வராததற்குப் பழி முழுவதும் நம் மேல் இல்லை. கலர் ஃபிலிம் காலத்தில், பிரிண்ட் போடும் கூடங்களுக்கு நிறத்தைச் சரிபார்க்க அனுப்பப்பட்ட ‘ஷெர்லி’ அட்டையில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் மட்டுமே இருந்தது. அந்தத் தோலுக்குச் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். நம் ஸ்டூடியோக்களில் ‘கொஞ்சம் கலராகப் போடுங்கள்’ என்று கேட்பது தனிக் கதை. நான் போடுவதில்லை. அதனால் இழந்த வாடிக்கையாளர்களும் உண்டு.

கூட்டில் குஞ்சுக்கு இரை ஊட்டுகிற படம் எல்லோருக்கும் பிடிக்கிறது. நான் எடுத்தால் மட்டும் ஏன் திட்டுகிறீர்கள், அண்ணா?

ஆட்காட்டிக் குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். சரளைத் தரையில், கூடு என்று சொல்லவே ஒன்றும் இல்லாமல், கோடையில் முட்டையிடும். நீங்கள் லென்ஸை வைத்துக்கொண்டு அருகே உட்கார்ந்தால் அது கத்திக்கொண்டு தலைக்கு மேல் சுற்றும், முட்டையில் வந்து உட்காராது. அந்த வெயிலில் முட்டைக்கு நிழல் தருவதே தாயின் உடம்புதான்; வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துவந்து முட்டையைக் குளிர்விக்கிற பறவை அது. நீங்கள் நல்ல கோணத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் முட்டை வெந்துகொண்டிருக்கும். காகம் வேறு உங்களைக் கவனித்துக்கொண்டிருக்கும்.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தந்திருக்கும் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அதற்குள் வருகிறது. கூந்தன்குளம் போன்ற இடத்தில், மனிதர்களுக்குப் பழகிய கூட்டைத் தெருவில் நின்று எடுப்பது வேறு. கிளையை ஒடித்து வழி செய்துகொள்வது வேறு.

பழக்கிய விலங்கை வைத்து எடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

தெரிந்துவிடுகிறது. லண்டனில் நடக்கும் உலகப் புகழ்பெற்ற வன உயிர்ப் புகைப்படப் போட்டியில், வேலியைத் தாண்டும் ஓநாய்க்கு 2009-இல் முதல் பரிசு கிடைத்தது. அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நடுவர்கள் முடிவு செய்து, சில மாதங்களில் பரிசைப் பறித்தார்கள். எடுத்தவர் கடைசிவரை மறுத்தார். அதே போட்டியில் 2017-இல் ஒரு பிரிவில் வென்ற எறும்புத்தின்னிப் படமும் அடுத்த ஆண்டு விலக்கப்பட்டது. அதிலிருந்தது பஞ்சடைத்த உருவம் என்று முடிவானது.

மிருகக்காட்சிசாலையில் எடுத்தேன் என்று எழுதிவிட்டுப் போட்டால் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

உப்பளத்துக்கோ மீன்பிடித் துறைமுகத்துக்கோ போனால் உடனே எடுக்க ஆரம்பிக்கலாமா?

முதல் நாள் கேமராவைப் பையிலேயே வையுங்கள். தூத்துக்குடி அளங்களில் பொழுது விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறிய பிறகு பத்து மணிக்குப் போய் இறங்கும் புகைப்படக்காரர் பாதி நாளைத் தவறவிட்டவர். அவர்களோடு வரப்பில் நடந்து பாருங்கள். எந்தப் பாத்தியில் மிதிக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள். வரப்பு உடைந்தால் ஒருவருடைய உழைப்பு போய்விடும்.

இன்னொன்று: மழைக்காலத்திலும் போங்கள். உப்பு வாருவது, குவிப்பது, கூடையைத் தலையில் வைத்துப் போவது எல்லாம் எல்லோரிடமும் இருக்கிற படங்கள். அளம் தண்ணீரில் கிடக்கும் மாதங்களில் வேலையில்லாத வீட்டில் என்ன நடக்கிறது, நகை எங்கே போகிறது, கடன் எப்படி வருகிறது என்பதுதான் அந்தத் தொழிலின் மறுபாதி. நானும் அதை எடுக்கத் தொடங்கியது நான்காவது ஆண்டில்தான், பெருமைப்பட ஒன்றுமில்லை.

அனுமதி கேட்டால் எல்லோரும் விறைத்துக்கொள்கிறார்கள். கேட்காமல் எடுத்தால்தானே இயல்பாக வரும்?

கேட்டுவிட்டு அங்கேயே இருங்கள். முதல் இருபது படங்கள் அவர்களுடையவை. சட்டையைச் சரிசெய்வார்கள், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுவார்கள், விறைப்பாக நிற்பார்கள். மறுக்காமல் எடுத்துக் காட்டுங்கள். அரை மணி நேரத்தில் உங்களைப் பார்த்து அலுத்துப்போய் வேலைக்குத் திரும்புவார்கள். கொக்கு மறுபடி இரை தேடத் தொடங்குவது போன்றதுதான் இது. தெருவில் கடந்துபோகும் கூட்டத்தை எடுக்க ஒவ்வொருவரிடமும் கேட்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருவர் கையை உயர்த்தி வேண்டாம் என்றால் அந்தக் கையை எடுக்கக் கூடாது.

குழந்தைகள் தலையாட்டினால் போதாது. பெற்றோரைக் கேளுங்கள்.

ஏழ்மையைப் படம் பிடித்துப் பெயர் வாங்குவது சுரண்டல்தானே, சார்?

இந்தக் கேள்வி எனக்குள்ளும் உண்டு, அதனால் கோபம் வரவில்லை. 1936-இல் கலிஃபோர்னியாவில் பட்டாணி பறிக்க வந்த ஏழைக் கூலிகளின் முகாமில், குழந்தைகள் தோளில் முகம் புதைத்திருக்க, கன்னத்தில் கைவைத்து எங்கோ பார்க்கும் ஒரு தாயை அமெரிக்கப் புகைப்படக்காரர் டொரோதியா லாங்கே எடுத்தார். அமெரிக்காவின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தின் அடையாளமாகவே அந்தப் படம் ஆனது. படம் வெளிவந்த பிறகு அந்த முகாமுக்கு உணவு அனுப்பப்பட்டது. அதற்குள் அந்தக் குடும்பம் வேறிடம் போய்விட்டிருந்தது. லாங்கே அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஃப்ளாரன்ஸ் ஓவென்ஸ் தாம்ப்சன் என்று உலகத்துக்குத் தெரிந்தது 1978-இல். தனக்கு அந்தப் படத்தால் ஒரு காசும் வரவில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்ற வருத்தம் அவருக்கு இருந்தது.

பாகிஸ்தான் அகதி முகாமில் 1984-இல் ஸ்டீவ் மெக்கரி என்ற புகைப்படக்காரர் எடுத்த பச்சைக் கண் ஆப்கன் சிறுமியின் கதையும் இதே வழிதான். 2002-இல் தேடிக் கண்டுபிடிக்கும்வரை ஷர்பத் குலா என்ற பெயர் படத்தோடு சேரவில்லை. இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்ட வழக்கம் எளிமையானது. பெயர், ஊர், அவர் அந்த நேரத்தில் செய்த வேலை மூன்றையும் அன்றைக்கே நோட்டில் எழுதுவேன். வெளியிடும்போது பெயர் வேண்டுமா என்று அவரையே கேட்பேன். சுரண்டல் என்ற குற்றச்சாட்டிலிருந்து இது என்னை விடுவிக்காது.

படம் எடுத்ததற்குப் பணம் கொடுக்கலாமா?

எடுக்கும் முன் கொடுத்தால் நடிப்பு வாங்குகிறீர்கள். வேலை செய்கிறவரின் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டால் அந்த நேரக் கூலியைக் கொடுங்கள், அது தர்மம் அல்ல, பாக்கி. பிரிண்ட் கண்டிப்பாகக் கொடுங்கள். ‘அனுப்புகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் பட்டியல் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. உங்களுக்கு முன்னால் போனவர்களின் கடனையும் சேர்த்து உங்களிடம்தான் கேட்பார்கள்.

வீட்டில் ஆச்சியை எடுத்தால் மூக்கு மட்டும் பெரிதாக, முகம் வீங்கியதுபோல வருகிறது.

ஆச்சியின் மூக்கில் குற்றமில்லை, நீங்கள் மிக நெருங்கிவிட்டீர்கள். போனிலோ அகல லென்ஸிலோ முகத்தை நிறைக்கப் பார்த்தால் மூக்கு கேமராவுக்கு அருகிலும் காது தொலைவிலும் போய்விடும். ஐந்தாறு அடி பின்னால் வாருங்கள்; 85 மி.மீ. போன்ற லென்ஸ் இருந்தால் நல்லது, இல்லையென்றால் பின்னால் நின்று எடுத்து வெட்டிக்கொள்ளுங்கள். இங்கும் தூரம்தான் விஷயம், ஆனால் இந்தத் தூரத்தை ஒளியியல் சொல்கிறது.

வெளிச்சத்துக்கு வீட்டில் திண்ணை இருந்தால் விடாதீர்கள். மேலே கூரை உச்சி வெயிலை மறைக்கும், தெருத் தரையில் பட்ட வெளிச்சம் மெதுவாக முகத்தில் ஏறும், கண்ணில் ஒரு ஒளிப்புள்ளி விழும். ஸ்டூடியோவில் ஆயிரக்கணக்கில் செலவழித்துச் செய்வது இதைத்தான். திண்ணை இல்லாத வீட்டில் வடக்குப் பார்த்த ஜன்னல்.

பெரியவர்களைச் சிரிக்கச் சொல்லலாமா? கேமராவைப் பார்த்தாலே இறுகிப்போகிறார்களே.

சொல்லாதீர்கள். ஒரு கிராமத்தில் வயதான ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டு, ‘தம்பி, நான் போன பிறகு மாலை போட ஒரு படம் எடுத்துக் கொடு’ என்றார். நான் மழுப்பினேன். அவர் விடவில்லை. அவருடைய அக்கா இறந்தபோது வீட்டில் படமே இல்லாமல், கல்யாண வீட்டுக் கும்பலில் எடுத்த ஒரு படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். தோளில் யாருடைய கையோ இருந்தது. ‘அக்கா மேல் கைபோட்டது யார் என்று இன்றுவரை தெரியவில்லை’ என்று சொல்லிச் சிரித்தார்.

பெட்டியிலிருந்து அரக்குச் சேலை எடுத்து உடுத்திக்கொண்டு, தலையை நீவிவிட்டு, சாகப்போகிறவர்போலவே முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சிரிப்பவரை எடுக்கலாம் என்று நான் கதை பேசிப் பார்த்தேன். ‘சிரித்துக்கொண்டே மாலை வாங்கினால் நன்றாகவா இருக்கும்?’ என்று கேட்டார். அவர் சொன்னபடியே எடுத்தேன். நான் எடுத்த முகங்களில் அதுதான் சிறந்தது என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் பங்கு குறைவு. இறுக்கம் சில நேரம் அவர்கள் தேர்ந்தெடுத்த தோற்றம்; அதை உடைப்பது நம் வேலை என்று யார் சொன்னது?

படத்தை எவ்வளவு வரை திருத்தலாம்?

வெளிச்சம் கூட்டலாம், குறைக்கலாம், ஓரம் வெட்டலாம், கறுப்பு வெள்ளையாக்கலாம். பறவைப் படத்திலும் உப்பளப் படத்திலும் இருந்ததை நீக்க மாட்டேன், இல்லாததைச் சேர்க்க மாட்டேன். மேலே சொன்ன லாங்கேயின் படத்திலேயே, மூலையில் தெரிந்த ஒரு கட்டைவிரலைப் பின்னால் நெகட்டிவிலிருந்து அழித்திருக்கிறார்கள். பெரியவர்களும் சறுக்கியிருக்கிறார்கள்.

மாலைக்கான படம் வேறு. அதில் கன்னத்து மருவை எடுக்கச் சொன்னால் எடுத்துக் கொடுப்பேன். அது அந்தக் குடும்பத்துக்கான படம், ஊருக்கான சாட்சி அல்ல.

நான் எடுத்த படம் எனக்குத்தானே சொந்தம்?

நீங்களாகப் போய் எடுத்திருந்தால் பதிப்புரிமை உங்களுடையது. ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. கல்யாணப் படங்களைக் கேட்காமல் விளம்பரத்தில் போடுகிறவர்கள் இதை ஒரு முறை படிக்க வேண்டும். எழுத்தில் ஒரு பக்கம் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி வாங்கித்தான் எடுத்தேன். இப்போது அந்தப் படத்தை எடுத்துவிடு என்கிறார்கள். என்ன செய்வது?

எனக்கும் நடந்தது. உப்பளத்தில் ஒரு அம்மா குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் குடிக்கும் படம். வழிந்த தண்ணீர் கழுத்தில் உப்போடு சேர்ந்து கோடு போட்டிருந்தது. அவரைக் கேட்டுத்தான் எடுத்தேன், பெயரும் நோட்டில் இருந்தது. கண்காட்சியில் வைத்த இரண்டாவது நாள் அவருடைய மகன் போன் செய்தான். கல்லூரியில் படிக்கிறவன். அவனுடைய நண்பர்கள் பார்த்துவிட்டிருந்தார்கள். ‘அம்மா சரியென்றார்கள்’ என்று நான் வாதாடினேன். ‘அம்மா சொன்னது உங்களிடம். இத்தனை பேர் பார்ப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியுமா?’ என்று கேட்டான். பதில் இல்லை. அன்று மாலையே கழற்றிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பிரிண்டை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். நடந்ததைக் கேட்ட அம்மாவுக்கு என் மேல்தான் கோபம். ‘என் படத்தை எடுக்க என்னைக் கேட்டாய், கழற்ற மட்டும் அவனைக் கேட்டாயா?’ என்றார். மகன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான், ஒன்றும் பேசவில்லை. யார் சொன்னதை ஏற்றிருக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. இப்போது யாராவது எடுத்துவிடச் சொன்னால் படத்தை உடனே இறக்குகிறேன். அதன் பிறகு படத்தில் இருப்பவரை நேரில் போய்ப் பார்க்கிறேன். அந்தப் பிரிண்டை அவர் அன்றே சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். ஆணியைப் பிடித்துக்கொண்டது மகன்தான். கண்காட்சியில் அதை நான் மறுபடி வைக்கவில்லை.